ராமானுஜனின் உயிரைப் பறித்தது காசநோய்தானா? 32 வயதில் மறைந்த மேதையும் மருத்துவர்கள் தவறவிட்ட நோயும்

கணிதப் பாடம் உங்களுக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, ராமானுஜன் என்ற பெயரைக் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். கும்பகோணத்துப் பையன், கேம்பிரிட்ஜ், பேராசிரியர் ஹார்டி, 1729 என்ற டாக்ஸி எண், திரைப்படம்... இதெல்லாம் ஓரளவு தெரிந்த கதை.

அந்தக் கதையின் கடைசிப் பக்கம் மட்டும் எப்போதும் ஒரே வரியில் முடிந்துவிடும்: இங்கிலாந்தின் குளிரும் சரியான சாப்பாடு இல்லாததும் அவருக்குக் காசநோயைக் கொடுத்தன, 32 வயதில் இறந்துவிட்டார்.

அந்த ஒரு வரி உண்மையாக இல்லாவிட்டால்?

அவருக்கு வந்தது காசநோயே இல்லை, அப்போதே மருந்து இருந்த வேறொரு நோய் என்று சொல்லும் ஓர் ஆய்வு 1994-இல் வெளிவந்தது. அதைப் புரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கையை ஒரு நோயாளியின் கோப்பைப் படிப்பதுபோல, முதலிலிருந்து படிக்க வேண்டும். வாங்க, பார்க்கலாம்.

சிறுவயது: முதல் கண்டம்

ராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22, ஈரோட்டில், அம்மாவின் பெற்றோர் வீட்டில். வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பா சீனிவாச ஐயங்கார் ஒரு சேலைக் கடையில் கணக்கர். அம்மா கோமளத்தம்மாள். வீட்டில் பணம் எப்போதும் பற்றாக்குறைதான்.

இரண்டு வயதில் அவருக்கு அம்மை கண்டது. அந்தக் காலத்தில் பெரியம்மை வந்தால் பல குழந்தைகள் பிழைப்பதில்லை. அவருக்குப் பின் பிறந்த தம்பி தங்கைகளில் சிலர் குழந்தையிலேயே இறந்துபோனார்கள். ராமானுஜன் பிழைத்துக்கொண்டார்.

பள்ளியில் நல்ல பெயர். பதின்ம வயதில் கார் என்பவர் எழுதிய கணிதத் தொகுப்பு நூல் ஒன்று கையில் கிடைத்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள் வரிசையாக அடுக்கப்பட்ட புத்தகம். விளக்கங்கள் குறைவு. அவர் ஒவ்வொன்றையும் தானே நிரூபித்துப் பார்க்க ஆரம்பித்தார். அதன்பிறகு அவருக்கு வேறு எந்தப் பாடமும் கண்ணில் படவில்லை.

விளைவு? 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், மற்ற பாடங்களில் தேறாததால் அதை இழந்தார். சென்னைக்குப் போய் பச்சையப்பன் கல்லூரியில் மறுபடியும் முயன்றார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நம் கோப்பின் முக்கியமான முதல் குறிப்பு இந்த இடத்தில்தான் வருகிறது.

1906: சென்னையில் வந்த வயிற்றுக்கடுப்பு

பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்த 1906-ஆம் ஆண்டு ராமானுஜனுக்குக் கடுமையான வயிற்றுக்கடுப்பு வந்தது. ரத்தமும் சீதமுமாகப் போகும் வயிற்றுப்போக்கு. சீதபேதி என்றும் சொல்வார்கள். சுமார் மூன்று மாதம் கும்பகோணத்துக்கே திரும்பிப் போய் வீட்டில் இருக்க வேண்டிவந்தது.

அந்தக் காலத்து இந்திய நகரங்களில் இது சர்வசாதாரணம். குடிநீர் சுத்தமில்லை என்றால் யாருக்கும் வரும். கொஞ்ச நாள் படுப்பார்கள், எழுந்துவிடுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். அவருக்கும் சரியாகிவிட்டது. சரியாகிவிட்டது போலத் தெரிந்தது என்பதே பொருத்தமாக இருக்கும்.

இந்தியாவை விட்டுப் புறப்படுவதற்கு முன் இதுபோல இரண்டு முறை அவருக்கு வயிற்றுக்கடுப்பு வந்ததாகப் பின்னாளைய ஆய்வு சொல்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, இது தேவைப்படும்.

1910: காசு வாங்காத அறுவைச் சிகிச்சை

1909-இல் ராமானுஜனுக்குத் திருமணம். மணமகள் ஜானகிக்கு அப்போது பத்து வயது. அக்கால வழக்கப்படி சில ஆண்டுகள் கழித்தே அவர் கணவருடன் வாழ வந்தார்.

திருமணத்துக்குப் பிறகு ராமானுஜனுக்கு விரைவீக்கம் என்ற பிரச்சினை. விதைப்பையில் நீர் கோத்துக்கொண்டு வீங்கும். அறுவைச் சிகிச்சை செய்தால் சரியாகும். ஆனால் குடும்பத்தில் பணம் இல்லை. கடைசியில் 1910 ஜனவரியில் ஒரு மருத்துவர் காசு வாங்காமலேயே செய்து கொடுத்தார்.

அதே ஆண்டு அவருக்கு மறுபடியும் உடம்பு முடியாமல் போனது. பிழைப்போமா என்ற பயம் அவருக்கே வந்துவிட்டது. தன் கணித நோட்டுப் புத்தகங்களை நண்பர் ராதாகிருஷ்ண ஐயரிடம் கொடுத்து, தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியாரிடமோ சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரிடமோ ஒப்படைக்கும்படி கேட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 22. குணமானதும் நோட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

நம் கோப்பில் இப்போது இரண்டு முக்கியக் குறிப்புகள் இருக்கின்றன:

• 1906-இல் வயிற்றுக்கடுப்பு
• 1910-இல் ஓர் அறுவைச் சிகிச்சை

கடிதம், கப்பல், கேம்பிரிட்ஜ்

அடுத்த பகுதி உங்களுக்குத் தெரிந்ததுதான், வேகமாகப் போய்விடலாம்.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை. 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம். உள்ளே பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள். ஹார்டியும் அவருடைய சகா லிட்டில்வுட்டும் அவற்றைப் படித்துப் பார்த்து, இது ஒரு மேதையின் வேலை என்ற முடிவுக்கு வந்தார்கள்.

1914 மார்ச் 17 அன்று ராமானுஜன் சென்னையில் நெவாசா என்ற கப்பலில் ஏறினார். ஏப்ரல் 14 அன்று லண்டன். பிறகு கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி. நான்கே மாதத்தில் முதல் உலகப் போர் மூண்டது.

ராமானுஜன் கட்டுப்பாடான சைவம். கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பிட மாட்டார். தன் அறையிலேயே சமைத்துக்கொள்வார், நேரம் காலம் இல்லாமல் வேலை செய்வார். போர் நீள நீள காய்கறி, பழம், பால் எல்லாமே தட்டுப்பாடு. குளிர் வேறு. ஒருமுறை அவரைப் பார்க்க வந்த மாணவர் மகலனோபிஸ், அவர் இரவில் குளிரில் நடுங்குவதைத் தெரிந்துகொண்டு படுக்கையைப் பார்த்தார். கம்பளிகள் மெத்தையில் ஒழுங்காக மடித்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றுக்கு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியாது. அவர் மேலேயே படுத்துக்கொண்டிருந்தார்!

சிரிப்பு வருகிறதா? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. குளிரால் நடுங்கும் ஒருவர் அதை யாரிடமும் சொல்லவில்லை, அடுத்தவராகக் கேட்கும்வரை. அந்தச் சுபாவம் பின்னால் அவருக்கு எதிராகவே வேலை செய்தது.

1917: ஒரு நோயாளி, பல பெயர்கள்

1917-இன் இளவேனில் காலத்தில் ராமானுஜனுக்கு உடல்நிலை மோசமானது. கேம்பிரிட்ஜில் ஒரு மருத்துவ இல்லத்தில் சேர்க்கப்பட்டார். அதன்பிறகு இரண்டு ஆண்டுகள் அவர் வாழ்க்கை ஒரு மருத்துவ இல்லத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதிலேயே போனது.

அறிகுறிகள் என்ன? விட்டு விட்டு வரும் காய்ச்சல், குறிப்பாக இரவில். வயிற்றுப் பகுதியில் வலி. எடை குறைந்துகொண்டே போனது.

மருத்துவர்கள் என்ன சொன்னார்கள்? இதைக் கவனமாகப் படியுங்கள்.

• முதலில் இரைப்பைப் புண் என்றார்கள். பிறகு அதைக் கைவிட்டார்கள்.
• அடுத்து காசநோய் என்றார்கள். உறுதியாக இல்லை, தற்காலிகமாக ஏற்றுக்கொண்ட முடிவு.
• ரத்தத்தில் நச்சு கலந்திருக்கலாம் என்ற பேச்சும் வந்தது.
• லண்டன் மருத்துவர் பேட்டி ஷாவுக்குப் புற்றுநோய்ச் சந்தேகம் வந்தது.

கடைசியாகச் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. பேட்டி ஷா விசாரித்தபோது, ராமானுஜனுக்கு இந்தியாவில் ஓர் அறுவைச் சிகிச்சை நடந்தது என்பதைக் கண்டுபிடித்தார். அது சாதாரண வீக்கமாக இல்லாமல் புற்றுக்கட்டியாக இருந்திருக்குமோ, அங்கிருந்து பரவியதோ என்று அவர் நினைத்தார். மாதங்கள் கடந்தும் நிலைமை மோசமாகவில்லை என்பதால் பிறகு அந்தச் சந்தேகத்தை விட்டுவிட்டார்.

அவருடைய ஊகம் சரியா தவறா என்பதை விடுங்கள். ஹார்டி 1918 நவம்பரில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதத்திலிருந்து நமக்குத் தெரியும் செய்தி இதுதான்: அந்த அறுவைச் சிகிச்சை நடந்ததே மற்ற மருத்துவர்களுக்குத் தெரியாது.

அதாவது, ஒன்றரை ஆண்டாக ஒருவரைப் பல மருத்துவர்கள் பார்க்கிறார்கள். அவர் உடம்பில் கத்தி பட்டது யாருக்கும் தெரியவில்லை. அதுவே தெரியவில்லை என்றால், 1906-இல் வந்த வயிற்றுக்கடுப்பைப் பற்றி யார் கேட்டிருப்பார்கள்? கேட்டிருந்தாலும் அதை முக்கியம் என்று யார் நினைத்திருப்பார்கள்?

ஏன் எல்லாரும் காசநோய் என்றார்கள்?

மருத்துவர்கள் முட்டாள்கள் இல்லை. அந்தக் காலத்து நிலைமையைப் பார்த்தால் காரணம் புரியும்.

காசநோய் அப்போது எங்கும் பரவியிருந்தது. இளைஞர்களைத்தான் அதிகம் கொன்றது. இரவுக் காய்ச்சல், உடல் மெலிவு இரண்டும் அதன் அடையாளங்கள். குளிர்நாட்டுக்கு வந்த, சரியாகச் சாப்பிடாத ஒரு மெலிந்த இந்திய மாணவர் என்றால் முதலில் மனத்தில் தோன்றுவது அதுதான்.

ஒருமுறை அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் அடுத்த மருத்துவரும் அங்கிருந்துதான் தொடங்குவார். புதிதாக ஒரு கேள்வி கேட்பதைவிட, ஏற்கெனவே எழுதியிருப்பதைத் தொடர்வது எளிது. இன்றைக்கும் மருத்துவ மாணவர்களுக்கு இந்த ஆபத்தைப் பற்றித் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்: முதலில் தோன்றிய எண்ணத்திலேயே நங்கூரம் போட்டு நின்றுவிடுவது.

காசநோய்க்கு அப்போது மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-இல். அதற்கு முன் இருந்த வழி ஓய்வு, சத்தான உணவு, திறந்த காற்று. ராமானுஜனும் மெண்டிப் மலையில் இந்தியரான டாக்டர் சௌரி முத்து நடத்திய காசநோய் இல்லத்துக்கும், பிறகு டெர்பிஷயரின் மேட்லாக் இல்லத்துக்கும் அனுப்பப்பட்டார்.

திறந்த காற்று என்றால் என்ன தெரியுமா? இங்கிலாந்துக் குளிரில் சன்னல்களைத் திறந்து வைப்பார்கள். கணப்பு கிடைப்பதே அரிது. சென்னை வெயிலில் வளர்ந்த ஒருவருக்கு அது எப்படி இருந்திருக்கும்? குளியலறை மட்டும் கொஞ்சம் கதகதப்பாக இருந்ததால், காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு அங்கே போய்க் கணக்குப் போடப் போவதாக ஹார்டிக்கு எழுதினார். அவருக்குக் காசநோய் இல்லை என்றால், இத்தனை துன்பமும் வீண்.

ராமானுஜனும் எளிதான நோயாளி இல்லை. மருத்துவர்கள் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. கொடுக்கும் உணவைச் சாப்பிட மாட்டார், சொன்னதைக் கேட்க மாட்டார், அடிக்கடி இடம் மாறுவார். அவரைக் கவனித்துக்கொண்ட ஹார்டிக்கு இது பெரிய தலைவலி.

மனத்தளவிலும் அவர் உடைந்துபோயிருந்தார். ஊரில் அம்மாவுக்கும் மனைவிக்கும் ஒத்துப்போகவில்லை. ஜானகி எழுதிய கடிதங்கள் அவர் கைக்கு வந்து சேரவில்லை. 1918-இன் தொடக்கத்தில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். நல்லவேளையாகக் காப்பாற்றப்பட்டார். அப்போது அது இங்கிலாந்தில் குற்றம். வழக்கு வராமல் ஹார்டி பேசிச் சமாளித்தார். மாதக்கணக்கில் காரணம் தெரியாத வலியோடு வாழ்வது மனத்தையும் எப்படித் தாக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இதே 1918-இல்தான் பெரிய கௌரவங்களும் வந்தன. மே மாதம் அரச கழகத்தின் உறுப்பினர். அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வறிஞர், அந்த இடத்தைப் பெற்ற முதல் இந்தியர். லண்டன் பட்னியில் இருந்த மருத்துவ இல்லத்தில் அவரைப் பார்க்க வந்த ஹார்டி, தான் வந்த டாக்ஸியின் எண் 1729 சுவாரசியமில்லாத எண் என்று சொல்ல, ராமானுஜன் படுக்கையிலிருந்தே மறுத்தார். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதங்களில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான்: 1-இன் கனமும் 12-இன் கனமும், 9-இன் கனமும் 10-இன் கனமும். கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

அந்த மூளை அவ்வளவு தெளிவாக வேலை செய்துகொண்டிருந்தது. உடம்புக்கு என்ன என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

கடைசி ஓராண்டு

1918 கடைசியில் கொஞ்சம் எடை கூடியது, காய்ச்சல் குறைந்தது. ஊருக்கு அனுப்பலாம் என்று முடிவானது. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை தர முன்வந்தது. ராமானுஜன் என்ன செய்தார் தெரியுமா? அவ்வளவு தொகை தனக்கு வேண்டாம், பெற்றோருக்கும் தன் தேவைக்கும் போக மிச்சத்தை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுங்கள் என்று எழுதினார். கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாமல் தவித்த பையன் அதை மறக்கவில்லை.

1919 மார்ச்சில் பம்பாய் வந்து இறங்கினார். சென்னை, காவிரிக் கரையில் கொடுமுடி, கும்பகோணம், மறுபடியும் சென்னை என்று இடங்கள் மாறின. சென்னையின் பெயர்பெற்ற மருத்துவர் சந்திரசேகர் கவனித்துக்கொண்டார். அவர் காசநோய் நிபுணர். அங்கேயும் நோயின் பெயர் மாறவில்லை.

ஜானகி இரவு பகலாகப் பார்த்துக்கொண்டார். வலி வரும்போது வெந்நீரில் துணியை நனைத்து நெஞ்சிலும் காலிலும் ஒற்றடம் கொடுப்பார். இடையில் ராமானுஜன் காகிதம் கேட்பார். 1920 ஜனவரியில் ஹார்டிக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். போலித் தீட்டா சார்புகள் என்ற புத்தம்புதிய கண்டுபிடிப்பு அதில் இருந்தது.

1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் அவர் உயிர் பிரிந்தது. வயது 32. கடல் தாண்டிப் போனவர் என்பதால் உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கே வரவில்லை. ஜானகிக்கு அப்போது 21 வயது.

அவர் கடைசி ஆண்டில் எழுதிய தாள்கள் 1976-இல்தான் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டியில் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டன. 100-க்கும் அதிகமான பக்கங்கள். தொலைந்துபோன நோட்டுப் புத்தகம் என்று இன்று உலகம் அழைப்பது அதைத்தான்.

1994: கோப்பை மீண்டும் திறந்தவர்

இப்போது தொடக்கத்துக்கு வருவோம்.

டி. ஏ. பி. யங் என்ற ஆய்வாளர், ராமானுஜனின் நோயைப் பற்றிக் கடிதங்களிலும் பதிவுகளிலும் கிடைத்த எல்லாத் தகவலையும் திரட்டினார். அறிகுறிகள் எப்போது வந்தன, எப்போது தணிந்தன, எந்த மருத்துவர் என்ன சொன்னார் என்று வரிசைப்படுத்தினார். இங்கிலாந்தின் அரச கழக ஆய்விதழில் 1994-இல் அவர் முடிவு வெளியானது.

அவருடைய முடிவு: காசநோய் பொருந்தவில்லை. மிகவும் பொருந்துவது கல்லீரல் அமீபா நோய்.

அப்படின்னா என்ன?

அசுத்தமான நீர் அல்லது உணவு வழியாக ஒருவகை அமீபா குடலுக்குள் போகும். அதுதான் சீதபேதியைக் கொண்டுவரும். பேதி நின்றுவிட்டாலும் கிருமி போகாமல் குடலிலேயே தங்கலாம், ஆண்டுக்கணக்கில் அமைதியாக இருக்கலாம். பிறகு ரத்தக் குழாய் வழியாகக் கல்லீரலுக்குப் போய் அங்கே சீழ்க்கட்டியை உண்டாக்கும். காய்ச்சல், வலப்பக்க மேல்வயிற்றில் வலி, எடை இழப்பு வரும். சில சமயம் கட்டி நுரையீரலுக்குக் கீழே அழுத்தி இருமலும் வரும். பார்ப்பவருக்கு நெஞ்சுநோய் போலவே தெரியும்.

1906-இன் வயிற்றுக்கடுப்பு ஞாபகம் இருக்கிறதா? அது அமீபாவால் வந்ததாக இருந்தால், விடுபட்ட கண்ணி அதுதான்.

வலிக்கிற உண்மை இன்னொன்று உண்டு. காசநோய்க்கு அப்போது மருந்து இல்லை. ஆனால் இந்த நோய்க்கு இருந்தது. கல்கத்தாவில் பணியாற்றிய லெனர்ட் ரோஜர்ஸ் என்ற மருத்துவர், எமெட்டின் ஊசி அமீபா நோயைக் குணப்படுத்துகிறது என்று 1912-லேயே காட்டிவிட்டார். ராமானுஜன் கப்பல் ஏறுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு! அவர் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்ட காலத்தில், போரில் அமீபா நோய் தொற்றிய பிரிட்டிஷ் வீரர்கள் சிகிச்சையால் குணமடைந்துகொண்டிருந்தார்கள்.

யங் சொல்வது நூற்றுக்கு நூறு நிரூபணம் இல்லை. உடலைப் பரிசோதித்து உறுதிசெய்ய இப்போது வழியில்லை. கல்லீரலில் இருக்கும் அமீபா நோயைக் கண்டறிவது அன்று சுலபமும் இல்லை. ஸ்கேன் கிடையாது, ரத்தப் பரிசோதனை கிடையாது. ஆனால் கேள்வி கேட்க எந்தக் கருவியும் தேவையில்லை, இல்லையா?

இது மருத்துவ அலட்சியமா?

நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நோயைத் தவறாகக் கணிப்பது ஒன்று. அலட்சியம் இன்னொன்று. கவனமான நல்ல மருத்துவரும் தவறலாம். சட்டம் பார்ப்பது முடிவு சரியா தவறா என்பதை மட்டும் இல்லை. அதே துறையில் பொறுப்புள்ள மற்ற மருத்துவர்கள் ஏற்கக்கூடிய, காரணத்தோடு கூடிய முறையில் அவர் நடந்துகொண்டாரா என்பதையும் பார்க்கும். 1957-இல் இங்கிலாந்தில் வந்த போலம் வழக்கிலிருந்து வளர்ந்த அளவுகோல் இது. நோயறிதல், சிகிச்சை தொடர்பில் சிங்கப்பூர் நீதிமன்றங்களும் இதே வழியைப் பின்பற்றுகின்றன.

அப்படிப் பார்த்தால் ராமானுஜனின் மருத்துவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது கடினம். அன்றைய அறிவுக்கு எட்டியதைச் செய்தார்கள். யாரும் அவரைக் கைவிடவில்லை, பல நிபுணர்களிடம் காட்டினார்கள்.

ஆனாலும் ஒரு குறை அப்படியே நிற்கிறது. வெப்பமண்டல நாட்டிலிருந்து வந்தவருக்கு நீடித்த காய்ச்சல் என்றால் அந்த நாட்டு நோய்களைச் சந்தேகிப்பது அன்றைக்கே தெரிந்த பாடம். அதற்கென்றே 1899-இல் லண்டனில் தனிக் கல்விக்கூடம் தொடங்கியிருந்தார்கள். மருத்துவர்கள் அவர் உடம்பைப் பார்த்தார்கள். அவர் எங்கிருந்து வந்தார், அங்கே என்ன நோய் வந்தது என்ற கதையை முழுசாகக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் சேர்ந்து உண்டான மௌனம் அது.

சரி, இதில் உங்களுக்கு என்ன?

இன்றைக்குக் கல்லீரல் அமீபா நோயை ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் காட்டிக்கொடுத்துவிடும். மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகளால் பெரும்பாலோர் குணமாகிறார்கள். சிங்கப்பூரில் உங்கள் மருத்துவ விவரங்கள் மின்னியல் பதிவேட்டிலும் இருக்கின்றன.

ஆனால் கருவிகள் சொல்லாததை நோயாளிதான் சொல்ல வேண்டும். 20 ஆண்டுக்கு முன் ஊரில் நடந்த அறுவைச் சிகிச்சை எந்தக் கணினியிலும் இருக்காது. போன மாதம் இந்தியா போய்வந்தபோது வந்த வயிற்றுப்போக்கும் இருக்காது.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இவற்றைச் சொல்ல மறக்காதீர்கள்:

• முன்பு வந்த பெரிய நோய்கள், நடந்த அறுவைச் சிகிச்சைகள், எந்த நாட்டில் நடந்திருந்தாலும்
• அண்மையிலும் முன்பும் போய்வந்த, வசித்த நாடுகள்
• சாப்பிடும் எல்லா மருந்துகளும், நாட்டு மருந்து உட்பட
• ஒரே அறிகுறி திரும்பத் திரும்ப வந்தால், எப்போது தொடங்கியது என்ற தேதி
• சிகிச்சை எடுத்தும் குணமாகவில்லை என்றால், இது வேறு நோயாக இருக்குமா என்ற கேள்வி

கடைசிக் கேள்வியைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல மருத்துவர் அதை வரவேற்பார்.

இரண்டு மொழி தெரிந்த உங்களுக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பும் உண்டு. பாட்டியையோ தாத்தாவையோ பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்ப்பது பல வீடுகளில் நீங்கள்தான். பாட்டி பத்து நிமிடம் சொல்வார்: நெஞ்சு கரிக்குது, ராத்திரி ஆனா உடம்பு காயுது, அந்தக் காலத்துல ஊர்ல ஒரு தடவை இப்படித்தான்... நீங்கள் மருத்துவரிடம் ஒரே வரியில் முடித்துவிடுவீர்கள்: காய்ச்சல், வயிற்று வலி. கைத்தொலைபேசியில் அடுத்த வேலை காத்திருக்கும்.

அந்தக் காலத்துல ஊர்ல என்று பாட்டி ஆரம்பிக்கும்போது நிறுத்தாதீர்கள். முழுசாகக் கேளுங்கள், முழுசாகச் சொல்லுங்கள்.

ராமானுஜனுக்காக அதைச் சொல்ல அன்று பக்கத்தில் யாரும் இல்லை. ஜானகி 1994 வரை வாழ்ந்தார், 95 வயது வரை. கணவர் இறந்து 74 ஆண்டுகள் கழித்து அவர் மறைந்த அதே ஆண்டில்தான், அவர் கணவருக்கு வந்தது குணப்படுத்தியிருக்கக்கூடிய நோய் என்ற ஆய்வும் வெளிவந்தது.